பதினான்கு நாள் சீட்டு

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதன்கிழமை காலை, முதல் பேருந்துகளின் கூட்டம் ஓய்ந்த பிறகு, துர்சுன் தன் பெட்டிக்குத் தானே சீட்டு எழுதிக்கொள்வார். மஞ்சள் அட்டை, ஓரத்தில் துளை, துளையில் நூல். பெயர்: துர்சுன் யாய்லா. ஊர்: ஷவ்ஷாத். சாமான்: பெட்டி ஒன்று, பழுப்பு நிறம், ஒரு பூட்டு பழுது. நாள்: பதினான்கு. எழுதி முடித்ததும் இருபத்தேழாம் தட்டின் முன் போய் நின்று, கைப்பிடியில் தொங்கும் பழைய சீட்டை அவிழ்த்துக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கட்டுவார். முதன்முதலாக எழுதிய சீட்டை மட்டும் அவர் கிழிக்கவில்லை. அது புதியதற்கு அடியில் இன்றும் தொங்குகிறது. ஜூன் மூன்று என்ற தேதி அதில் தெளிவாகத் தெரியும். ஆண்டு எழுதிய மூலை மடங்கியிருக்கும்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இஸ்தான்புல்லின் பெரிய பேருந்து நிலையத்தில், கீழ்த்தளத்தில், தேநீர்க் கடைக்கு எதிரே உள்ள சாமான் அறை அவருடைய பணியிடம். சன்னலுக்கு மேலே அமானத்து, அதாவது நம்பி ஒப்படைத்த பொருள், என்ற ஒரே சொல் எழுதியிருக்கிறது. பயணிகள் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றப் போவார்கள். திரும்பி வந்து வாங்கிக்கொள்வார்கள். கோடையிலும் கைவைக்காத கம்பளி மேலங்கி அணிகிறார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டப்பட்டது. "ஊருக்குப் போய் மாத்திக்கலாம்" என்பது அது குறித்து அவர் சொல்லும் விளக்கம். தேயிலையை நூறு கிராம் பொட்டலமாகவே வாங்குவார். நகரப் பேருந்து அட்டையில் ஒரு தடவைக்கு உரிய பணத்துக்கு மேல் ஏற்றமாட்டார். மூன்று ஓட்டுநர்களோடு பங்கிட்டுக்கொள்ளும் வாடகை அறையில் அவருக்கென்று ஒரு கட்டில் உண்டு. தலையணை இல்லை, சுருட்டிய மேற்சட்டை உண்டு.

சன்னலுக்கு வருபவரிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வாங்க. எத்தனை நாள்?"

பதில் வருமுன்பே பெட்டியைக் கையால் தூக்கிப் பார்த்துவிடுவார். அவருடைய நம்பிக்கை அந்தத் தூக்கலில் இருக்கிறது, பதிலில் இல்லை. தியார்பக்கிரிலிருந்து ஓர் அம்மாள் மகளின் பிரசவத்துக்காக வந்தார். மூன்று மூட்டை, ஒரு டின் வெண்ணெய், உலர்த்திய கத்தரிக்காய்ச் சரம். "நாப்பது நாள் தம்பி" என்றார். துர்சுன் மறுபேச்சின்றி எழுதிக்கொண்டார். நாற்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு அம்மாள் சன்னலில் நின்றார். அதே மாதம் கோன்யாக்காரர் ஒருவர் ரெக்சின் பை ஒன்றை நீட்டினார்.

"ஒரு ராத்திரிதாண்ணே. கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கே கிளம்பிடுவேன்."

துர்சுன் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "தம்பி, பை ரொம்ப லேசா இருக்கே."

"ஒரு ராத்திரிக்கு எதைத் தூக்கிட்டு வர்றது?"

"அதான் பயமா இருக்கு."

சீட்டில் ஒன்று என்றே எழுதினார். அந்த மனிதர் பையை வாங்க வந்தது ஒன்பது வாரம் கழித்து. தலையில் இஸ்தான்புல்லில் வாங்கிய குல்லாய் இருந்தது. இதைத் துர்சுன் பெருமையாகச் சொல்வதில்லை. "எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வர்றவன் நாளை எண்ணிட்டு வந்திருக்கான். எண்ணின நாள்ல போயிடுவான். கையை வீசிட்டு வர்றான் பாருங்க, அவன்தான் மாட்டிக்குவான்" என்று, மழை வரும் போலிருக்கிறது என்பதைச் சொல்லும் குரலில் சொல்வார்.

வெளிநாட்டுப் பயணிகள் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கேட்பதுண்டு: இந்த ஊரைப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்? துர்சுன் நான்கு விரலைக் காட்டுவார். ஐந்து நாள் தங்கினால் என்ன என்று ஒரு பெண் கேட்டபோது, "நாலு நாள் நீ ஊரைப் பார்ப்பே. அஞ்சாம் நாள்லேருந்து ஊரு உன்னைப் பார்க்க ஆரம்பிச்சுடும்மா" என்றார். அது எப்படி மொழிபெயர்ந்ததோ, அந்தப் பெண் மறுநாளே பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் பரிந்துரைக்கும் இடங்கள் எதையும் அவர் பார்த்ததில்லை. பெரிய பள்ளிவாசல்கள், கடல் நடுவே நிற்கும் கோபுரம், மூடிய கடைவீதி எல்லாவற்றையும் கடைசி நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். புறப்படுகிற அன்று பார்த்தால் போதும் அல்லவா.

துர்சுன் என்ற பெயருக்கு அவர்கள் மொழியில் 'நிற்கட்டும்' என்று பொருள். அவருக்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாவது நிலைக்கட்டும் என்று பெற்றோர் இட்ட பெயர் அது. எதிர்க் கடை ஜெவாத் இதை விடுவதில்லை.

"பேரு நில்லு. ஆளைக் கேட்டா, இதோ கிளம்பிட்டேங்கறாரு. உங்க அப்பா அம்மா பொழப்பைக் கெடுத்துட்டீங்களேண்ணே!"

"நான் இங்க அமானத்துடா. உரியவன் வந்தா ஒப்படைச்சுட்டுப் போயிடுவேன்."

அது ஒருவகையில் உண்மை. இந்த வேலை அவருடையது அன்று. மனைவியின் அண்ணன் இல்யாஸ் பார்த்துக்கொண்டிருந்த வேலை. இல்யாஸுக்குக் குடலிறக்க அறுவை. பத்து நாள் மட்டும் சன்னலைப் பார்த்துக்கொள் என்று அழைத்ததால் துர்சுன் ஒரு பெட்டியோடு வந்தார். இல்யாஸ் குணமாகி, இஸ்மிரில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அறையின் முதலாளி, "ஆள் சொல்லியிருக்கேன், அடுத்த வாரம் வந்துடுவான்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். இருவருக்கும் அது வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது.

பதினான்கு என்ற எண் ஏன் என்பதற்கு வருவோம். அவர் கற்ற சட்டப்படி, ஓர் ஊரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதென்று மனத்தில் முடிவு செய்துவிட்டவன் அவ்வூர்க்காரன். அதற்குக் குறைவாக நினைத்தவன் பயணி. ஊர்க்காரன் பகலும் பிற்பகலும் இரவும் நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று, தொழவேண்டும்; தனியே தொழும் பயணி அவற்றை இரண்டாகச் சுருக்கிக்கொள்வான். நாளை போகிறேன், வருகிற வாரம் போகிறேன் என்று மெய்யாகவே நினைத்தபடி இருந்துவிட்டால், எத்தனை காலமானாலும் அவன் பயணியே. சன்னலை விட்டு நகர முடியாததால் துர்சுன் அறைக்குள்ளேயே, கடைசித் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே, தனியாகத் தொழுகிறார். இரண்டே ரக்அத்.

"என்னண்ணே, அதுக்குள்ள ஆச்சா? நான் இன்னும் சர்க்கரை கலக்கி முடிக்கலை" என்பார் ஜெவாத்.

"நான் பயணிடா."

"பயணியா! என் கடை எதிர்க்க நின்ன பஸ் கம்பெனியே மூணு மாறிடுச்சு. நீங்க இன்னும் பயணியா?"

ஆண்டுக்கு ஒரு முறை, ஜூலையில், புல் அறுப்புக்காக ஷவ்ஷாத் போய்ப் பத்து நாள் இருப்பார். இருபது மணி நேரப் பயணம். போகும்போது ஒரு துணிப்பையில் பரிசுகளை எடுத்துப் போவார். பழுப்புப் பெட்டி இருபத்தேழாம் தட்டிலேயே இருக்கும். வருகிற ஆளிடம் சாவியை ஒப்படைக்கத் திரும்பவேண்டும், பிறகு எதற்குப் பெட்டியைச் சுமக்கவேண்டும் என்பது அவர் வாதம். மனைவி குல்பெயாஸ் முதல் சில ஜூலைகளில் அதற்குத் தலையசைத்தார். பிறகு ஒரு ஜூலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒருத்தன் பெட்டியை எங்க விட்டுட்டுக் கிளம்புறானோ, அதுதான்யா அவன் ஊரு."

துர்சுன் அதைக் கேட்காதவர்போல் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இஸ்தான்புல்லுக்கு வந்தபோது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த இளைய மகள், பள்ளி முடித்து, கடந்த இளவேனிலில் கல்யாணம் ஆகிப் போனாள். வீட்டில் குல்பெயாஸ் மட்டும். குளிர்காலத்தில் அங்கே பனி சன்னல் வரைக்கும் ஏறும். ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேசுவது இருவருக்கும் வழக்கம். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, நலம் விசாரிப்பு முடியுமுன்பே குல்பெயாஸ் தொடங்கினார்.

"இந்தாய்யா, இந்த வருஷப் பனியை நான் தனியா தள்ளமாட்டேன். ஒண்ணு நீ வா. இல்ல நான் வரேன். நான் வர்றதுன்னா எத்தனை நாளுக்குன்னு சொல்லு."

"எதுக்கு?"

"எதுக்கா? நாலு நாளுன்னா மாட்டை அக்காகிட்ட விட்டுட்டு வரேன். நாலு மாசம்னா அடுப்பைத் துடைச்சு வச்சுட்டு வரேன். ஒரேயடியான்னா வீட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கிட்டு வரேன். எதைச் செய்ய?"

"அடுத்த வாரம் ஆள் வந்துடுவான்னு முதலாளி சொல்றாரு…"

"அந்த ஆளுக்கு இந்நேரம் பேரன் பொறந்திருப்பான்யா!"

அடுத்த மூன்று ஞாயிறும் இதே பேச்சு. எல்லோரையும் எத்தனை நாள் என்று கேட்பவருக்குத் தன்னைக் கேட்டபோது வாயில் எண் வரவில்லை. நான்காம் ஞாயிறு குல்பெயாஸின் குரலில் கோபம் இல்லை. அதுதான் துர்சுனைக் கலக்கியது.

"சரி, நீ சொல்லமாட்டே. அக்டோபர் பத்தொம்பதாம் தேதி நான் வந்து உன் சன்னல்ல நிக்கறேன். போற வர்றவங்களை எல்லாம் கேக்கறியாமே, என்னையும் கேளு. சீட்டுல என்ன எழுதறியோ அத்தனை நாள் இருக்கேன். பதினாலுன்னு எழுதினேன்னு வை, பதினஞ்சாம் நாள் பஸ் ஏறிடுவேன். அப்புறம் நான் வரமாட்டேன்யா. உன்னையும் வான்னு கூப்பிடமாட்டேன்."

வியாழக்கிழமை, ஜெவாத்தைச் சன்னலில் உட்காரவைத்துவிட்டு, துர்சுன் நிலையத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். அங்குள்ள இமாமுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. எல்லோரும் அழைப்பதுபோல் துர்சுனும் அவரை ஹோஜா என்றே அழைப்பார்.

"ஹோஜா, பொண்டாட்டி வந்து குடியிருந்தா?"

"அப்ப இதுதான் உங்க ஊருண்ணே. சுருக்கறதெல்லாம் அதோட முடிஞ்சுது. நாலுதான்."

"அது தெரியும். இதுவரைக்கும் சுருக்கினது?"

"ஒவ்வொரு தடவையும் போறதாத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"அப்பச் சரி. அதுல ஒரு குத்தமும் இல்ல."

துர்சுன் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்தவர் திரும்பவும் கீழே வைத்தார்.

"ஒரு தடவை ஆள் வந்தான் ஹோஜா."

"எந்த ஆளு?"

"என் இடத்துக்கு. ஒக்தாய்னு பேரு, சிவாஸ்காரன். ஒன்பது நாள் கூட வச்சுக் கத்துக்குடுத்தேன். கை சுத்தம். மரியாதையாப் பேசுவான். பத்தாம் நாள் முதலாளி, எப்படி, விட்டுட்டுப் போலாமான்னு கேட்டாரு. பெட்டியைத் தூக்கிப் பார்க்கத் தெரியல அவனுக்குன்னு சொன்னேன். அனுப்பிட்டாரு."

"தெரியலையா?"

"தூக்கிப் பார்க்கணும்னு நான் அவனுக்குச் சொல்லவே இல்ல."

இமாம் கேட்டார்: "அன்னிக்குப் பகல் எத்தனை தொழுதீங்க?"

"ரெண்டு."

"அதுக்கப்புறம் உள்ள கணக்கு எனக்குத் தெரியாதுண்ணே. உங்களுக்குத்தான் தெரியும்."

ஒக்தாய் விஷயம் குல்பெயாஸுக்குத் தெரியாது. ஜெவாத்துக்குத் தெரியும், எதைச் சொல்லிக் கேலி செய்தாலும் அவர் அதை மட்டும் தொட்டதில்லை.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. ஷவ்ஷாத் வண்டி பதினொன்றுக்கு வரவேண்டும். துர்சுன் பத்தரையிலிருந்து ஏறுவழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வரவில்லை. பன்னிரண்டுக்குப் பிறகு அங்காரா வண்டிக்காரர்களின் நெரிசல் தொடங்கியது. பெட்டி, சீட்டு, நூல், தட்டு. பெட்டி, சீட்டு, நூல், தட்டு. தலையை நிமிர்த்த நேரமில்லை. ஒரு துணிப்பை பலகைமேல் வந்து அமர்ந்தது. கை தானாகவே அதைத் தூக்கிப் பார்த்தது. மூன்று கிலோவுக்கு மேல் இராது.

"வாங்க. எத்தனை நாள்?"

"நீதான்யா சொல்லணும்."

அவர் நிமிர்ந்தார். குல்பெயாஸ் வெள்ளைத் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மற்றப் பயணிகளைப் போலவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி…"

"வழியில டயர் வெடிச்சுது. கேட்டது அதுவா?"

துர்சுன் மீண்டும் பையைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"எத்தனை நாளுன்னு தெரியாதவ எதைக் கட்டிக்கிட்டு வருவா?"

"மாடு?"

"அக்காகிட்ட."

"அடுப்பு?"

"துடைச்சு வச்சாச்சு."

"வீடு?"

"பூட்டியிருக்கு."

"சாவி?"

"பையில."

குல்பெயாஸ் மூன்றையும் செய்துவிட்டு வந்திருந்தார். பின்னால் நின்ற மனிதர் இரண்டு பெட்டிகளைக் காலால் முன்னே தள்ளினார். "அண்ணே, அங்காரா வண்டிக்கு நேரமாச்சு. குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்குங்களேன்."

"அண்ணி, இங்க வந்து டீ குடிங்க" என்று எதிர்க் கடையிலிருந்து ஜெவாத் கூவினார். "எங்க அண்ணன் இந்தச் சீட்டை மட்டும் எழுத ரொம்ப நாள் எடுத்துக்குவாரு!"

துர்சுன் மஞ்சள் அட்டையை எடுத்தார். பெயர்: குல்பெயாஸ் யாய்லா. ஊர்: ஷவ்ஷாத். சாமான்: துணிப்பை ஒன்று. நாள் என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. ஒன்று என்ற இலக்கத்தை எழுதினால் அது பத்தாகவும் பதினான்காகவும் வளரலாம். அவர் அந்த ஒன்றையும் எழுதவில்லை. அங்காராக்காரரின் பெட்டிகளை முதலில் வாங்கி வைத்தார். அவருக்கு அடுத்தவரையும் அனுப்பினார். பகல் தொழுகைக்கான அழைப்பு ஒலிபெருக்கியில் கேட்டது.

"தொழுதுட்டு வந்துடறேன். நீ உள்ள வந்து உட்காரு."

"எவ்வளவு நேரமாகும்?"

"சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றார் ஜெவாத், துர்சுனுக்குப் பதிலாக. "ரெண்டுதானே."

குல்பெயாஸ் அறைக்குள் வந்து முக்காலியில் அமர்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்தேழில் கண் நின்றது. கடைசித் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே துர்சுன் விரிப்பைப் போட்டு நின்றார். முதல் ரக்அத் முடிந்தது. இரண்டாவது முடிந்து அமர்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் கூடுதலாகச் சிறிது நேரம் அமர்ந்திருந்து, வலப்புறமும் இடப்புறமும் முகம் திருப்பி முடித்துவிடுவார். ஜெவாத் கண்ணாடிக் குவளையில் கரண்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே அந்த முகத் திருப்பலுக்காகக் காத்திருந்தார்.

முகம் திரும்பவில்லை. துர்சுன் முழங்காலில் கையூன்றி மூன்றாவதற்கு எழுந்தார்.

கரண்டிச் சத்தம் நின்றது. சன்னலுக்கு வெளியே யாரோ, "ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஜெவாத், "தொழறாரு. நேரமாகும், நில்லுங்க" என்றார்.

நான்கும் முடித்து வந்தவர், பாதி எழுதிய சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மனைவியின் பையைத் தட்டில் வைக்காமல் தன் மேசைக்கடியில், தேயிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இருபத்தேழாம் தட்டிலிருந்து பழுப்புப் பெட்டியை இறக்கினார். அது ஒரே கையில் வந்தது.

"இங்க கொண்டா" என்று குல்பெயாஸ் வாங்கிப் பார்த்தார். ஒரு முறை குலுக்கினார். "உள்ள என்னய்யா வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல."

"எப்பலேருந்து?"

கடைசிச் சட்டையை அதிலிருந்து எடுத்தது எப்போது என்று துர்சுனுக்கு நினைவில்லை. கைப்பிடியில் இருந்த இரண்டு சீட்டுகளையும் அவிழ்த்தார். மேலே இருந்ததைக் கிழித்தார். அடியில் இருந்ததைப் பலகைமேல் வைத்து, மடங்கியிருந்த மூலையை நகத்தால் நீவி விரித்தார். சாமான் திருப்பி எடுக்கப்படும்போது அது எவ்வளவு காலம் கிடந்தது என்று குறித்துவைப்பது அறையின் விதி. யாருடைய சாமானுக்கும் அவர் அந்த விதியைத் தவறவிட்டதில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து, அட்டையின் ஓரத்தில் இரண்டு முறை கழித்துச் சரிபார்த்தார். பிறகு எழுதினார்:

ஒன்பது ஆண்டு, நான்கு மாதம், பதினாறு நாள்.